வேக்கம் சீலர் வாங்கலாமா? கணக்குப் பார்த்து முடிவு செய்வோம்

(ரெட்டியார்பாளையம் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சித்திரை வெயிலில் வடகம் போடுகிறோம். மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள் அரைத்து வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் என்ன ஆகுது? நம்முடையது கடற்கரை ஊர். காற்றிலேயே ஈரம். தூள் கட்டி பிடிக்குது, வடகம் பூஞ்சை பூக்குது, பருப்பில் வண்டு விழுது. நம்ம ஊரு வடகம் 'வடூவான்' என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர் சமையல் வரைக்கும் போயிருக்கு. அதை நம்ம வீட்டிலேயே ஆறு மாதம் காப்பாத்த முடியலைன்னா வருத்தம்தானே?

அதனால்தான் "வேக்கம் சீலர் வாங்க உள்கடன் கிடைக்குமா?" என்று கேட்கிறீங்க. நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கடன் நம் எல்லோருடைய சேமிப்பு. தெரிந்துகொண்டு வாங்குவோம்.

இந்த மெஷின் பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, சூடு வைத்து வாயை ஒட்டும். காற்று போய்விட்டால் எண்ணெய்ப் பொருள் சீக்கிரம் காறாது. வண்டும் பூஞ்சையும் பெருகாது. ஆனால் பொருளுக்குள் இருக்கும் ஈரத்தை அது எடுக்காது. அரைகுறையாகக் காய்ந்த வடகத்தைப் போட்டு ஒட்டினால், உள்ளேயே கெடும். நன்றாகக் காய வைத்து, சூடு ஆறின பிறகுதான் பையில் போடணும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. காற்று இல்லாத இடத்தில்தான் வளரும் ஒரு விஷக் கிருமியும் உண்டு. அதன் விஷம் உயிரையே எடுக்கும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சமைத்த குழம்பு, மீன், கறி, உரித்த பூண்டு, இஞ்சி பூண்டு விழுது இவற்றை வேக்கம் போட்டாலும் வெளியில் வைக்காதீங்க. ஃபிரிட்ஜ் கட்டாயம் வேணும்.

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

1. கை சீலர்: பையின் வாயை ஒட்டும், அவ்வளவுதான். காற்றை எடுக்காது. விலை குறைவு. ஒன்றிரண்டு மாதத்தில் விற்றுத் தீரும் தூளுக்கு இதுவும் தடித்த கவரும் போதும்.

2. வீட்டு வேக்கம் சீலர்: இதற்குப் பெரும்பாலும் உள்பக்கம் வரிவரியாக இருக்கும் தனிப் பை வேணும். சாதாரண கவரில் காற்று சரியாக இழுக்காது.

3. பையை முழுதாக உள்ளே வைத்து மூடும் பெரிய மெஷின்: விலை பல மடங்கு. பெரிய வியாபாரத்துக்குத்தான் சரி.

இரண்டாவது வகை வாங்குவதாக இருந்தால், உங்கள் பொருளையே கடைக்குக் கொண்டு போய் ஒட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒட்டிய பையைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்க. குமிழி வந்தால் ஓட்டை. ஒட்டும் கோடு அகலமாக இருக்கணும். தொடர்ந்து எத்தனை பை ஒட்டலாம், எவ்வளவு நேரம் ஆற விடணும், ரிப்பேர் எங்கே, பை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்க. பில்லும் வாரண்டி கார்டும் வாங்குங்க.

தூளை நேராகப் போட்டால் மெஷினே இழுத்துக்கொள்ளும். சுத்தமான வெள்ளைத்தாளில் மடித்து உள்ளே வையுங்க. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். கருவாட்டு முள் பையைக் குத்தும். அப்பளம், முறுக்கு நொறுங்கிவிடும்.

இப்போ கணக்குக்கு வருவோம். மெஷின் 3,000 ரூபாய், பை 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் மட்டும் வாங்கி மாதம் 20 பாக்கெட் போட்டால், வருஷத்துக்கு 240. பாக்கெட்டுக்கு மெஷின் செலவே 12.50 ரூபாய். பையோடு 18.50 ஆகுது. ஐந்து பேர் சேர்ந்து வாங்கி மாதம் 100 பாக்கெட் போட்டால், வருஷத்துக்கு 1,200. மெஷின் செலவு 2.50 ரூபாய்தான். பையோடு 8.50. பாருங்க, பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம்! கடன் வட்டியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்க. அந்த விலைக்கு நம்ம பொருள் போகுமா என்று பார்த்த பிறகு தீர்மானம் எழுதுங்க.

விற்பனைக்குப் போடும் பாக்கெட்டில் பொருளின் பெயர், எடை, தயாரித்த தேதி, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் இருக்கணும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்து அந்த எண்ணையும் அச்சிடணும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் குரும்பாபேட்டில் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. போய்க் கேளுங்க.

கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு எடுங்க. குழுவுக்கு ஒரு மெஷின் போதும். வீட்டுக்கு ஒன்று வேண்டாம்.