காது சோதனையும் வீட்டுப் பேச்சும்

(தாய்மார்கள் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



பிறந்த பிள்ளையின் காதில் சிறு முனையை வைத்துப் பார்க்கும் சோதனைக்கு மொழி தேவையில்லை. பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கும் ‘பெரா’வுக்கும் தேவையில்லை. ஆனால் காது மெஷினோ காக்ளியர் கருவியோ வைத்த பிள்ளைக்குப் பேச்சு பிடிபடுகிறதா என்று பார்க்க, 3 வயதுக்கு மேல் ஒரு சொல்லைச் சொல்லி அதன் படத்தைத் தொடச் சொல்வார்கள். நாம் பேச வந்தது இந்தச் சோதனையைப் பற்றித்தான்.

இவற்றில் பெயர் பெற்றவை அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்டவை. கேட், பேட், ஹேட் என்று ஓர் ஒலி மட்டும் மாறும் சொற்களின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அந்த ஒலி கேட்டால்தான் சரியாகத் தொட முடியும். அப்படியே மொழிபெயர்த்தால் பூனை, மட்டை, தொப்பி! அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைகூட ஊகித்துத் தொட்டுவிடும். நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆகவே தமிழுக்குப் புதிதாகத்தான் சொல் தேட வேண்டும்: பால், கால், வால். அதிலும் நம் பிள்ளைகள் கேட்டு வளர்வது பாலு, காலு.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆணம் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் “குழம்பைத் தொடு” என்றால் சும்மா இருக்கும். காது கேட்டது, சொல்தான் தெரியவில்லை. தாளில் விழுவதோ தவறு என்ற குறி. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது மட்டுமே பேசும் வீட்டுப் பிள்ளையைத் தமிழ்ப் பட்டியலால் அளப்பது நியாயமே இல்லை.

சோதனைக்குப் போகுமுன், பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை வீட்டில் சொல்கிறபடியே ஒரு தாளில் எழுதி ஆடியாலஜிஸ்ட்டிடம் கொடுங்கள். படங்களின் பெயர் பிள்ளைக்குத் தெரியுமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கண்ஜாடை மட்டும் காட்டாதீர்கள். உம்மாமார்களின் பாசம் அந்த அறையில் பிள்ளைக்கே கெடுதல். சோதிப்பவர் வாயை மறைத்துக்கொண்டு பேசுவதும் உதட்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொன்று. ‘இவன் வாப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்’ என்று காத்திருக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவைக்கு 6 வயதுதான் வரம்பு. வருமானச் சான்று எடுக்கச் சிரமப்படுவோர் ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகம் வாருங்கள். தாள்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.