கேளாத உபசாரம்



இலக்கியத் தொடரில் கணனியைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கக்கூடும். இன்று பதுளையில் கவிதை எழுதுகிறவரும், நமுனுகுலைச் சாரலிலிருந்து பாடசாலை மலருக்குக் கட்டுரை அனுப்புகிறவரும், தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு அழைப்பிதழ் எழுதுகிறவரும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒரு விசைப்பலகைதான். பேனாவைப் பற்றி இலக்கியம் பேசலாம் என்றால் இதைப் பற்றியும் பேசலாம்.

பழைய தட்டெழுத்துப் பொறிக்கு அபிப்பிராயம் என்று ஒன்று இருக்கவில்லை. அடித்தால் எழுத்து விழும். விழாவிட்டால் நாடா தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைய கணனிக்கு அபிப்பிராயங்கள் அதிகம். நான் கேட்காததைச் செய்துவிட்டு, அதை உதவி என்று சொல்லும்.

கணனியின் அடியில் ஓடுவதை இயங்குதளம் என்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சினைப் போல அது. கொழுந்து வாடுவதற்கும், அரைபடுவதற்கும், காய்வதற்கும் அது ஓடவேண்டும். ஆனால் எஞ்சின் மேல்மாடிக்கு ஏறிவந்து, "இன்றைக்கு இந்தத் தேயிலையை வாங்கிப் பாருங்கள்" என்று விளம்பரம் சொன்னால் எப்படி இருக்கும்?

முதலில் எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பாமினி எழுத்துரு பெருவழக்கில் இருந்து வருகிறது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் தமிழில் தட்டுகிறோம் என்பது கணனிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்து என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும்; எழுத்துரு மட்டும் தமிழ் வேஷம் கட்டி நிற்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தின் இடத்தில் 'க' என்றால், அதே விசையின் பெரிய எழுத்தில் 'கு'. சிறியதில் 'அ', பெரியதில் 'ஆ'. சிறியதில் 'ப', பெரியதில் 'பு'. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது ஆங்கில மரபு. ஆகவே எழுதும் மென்பொருள், கேளாமலே அந்தத் திருத்தத்தைச் செய்துவிடும். விளைவு, 'பதுளை' என்று வசனத்தைத் தொடங்கினால் 'புதுளை' என்று நிற்கும்!

இதில் சிரிக்கலாம். நானும் சிரித்ததுண்டு, ஒரு தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைத் தட்டச்சு செய்ய உட்காரும் வரையில். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எழுத்தைப் பெரிதாக்கவேண்டும் என்பது அந்த மென்பொருளின் கொள்கை. அஞ்சலை ஆஞ்சலையானாள். பழனி புழனியானான். கந்தையா குந்தையாவானார். லெட்சுமி, லேட்சுமி. பட்டியலுக்குச் சொந்தக்காரரான சங்கத்துச் செயலாளர் ஐயா பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். "தம்பி, கணக்கப்பிள்ளை காலத்திலதான் பேரைக் கெடுத்தாங்க. இப்ப மிசினும் ஆரம்பிச்சிருச்சா?" என்றார்.

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது என்று அலைந்தவர்கள் நம் லயங்களில் அநேகர். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தொடங்கி 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை, இந்த மண்ணுக்கு உரியவர் என்று காட்ட நம்மவர்கள் தேடித் திரிந்தது கடதாசிகளைத்தான். கடதாசியில் ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், பஸ் ஏறிக் கச்சேரிக்கு வரவேண்டும். ஆகவே முதல் எழுத்தை மாற்றும் உதவி எங்களுக்குச் சிறிய விஷயம் அல்ல.

யுனிகோடுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமே என்பார்கள். உண்மை. அங்கே தமிழ் தமிழாகவே இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. மாறத்தான் வேண்டும். பழைய கோப்புகளையும் அச்சகங்களின் பழக்கத்தையும் ஒரே இரவில் மாற்ற முடியாது என்பது மட்டுமே என் சமாதானம்.

இனி இயங்குதளத்திற்கு வருவோம். உலகத்தில் மிகப் பரவலான விண்டோஸின் சரித்திரத்தைப் பார்த்தால், பாவனையாளர் கேட்காததைத் திணிப்பதும், அவர்கள் சத்தம் போட்டதும் பின்வாங்குவதும் மாறிமாறி வந்திருக்கிறது. 2012 இல் வந்த எட்டாம் பதிப்பில் ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். மறுவருடமே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 2015 இல் வந்த பத்தாம் பதிப்போடு மிட்டாய் நொறுக்கும் விளையாட்டு ஒன்று கூடவே வந்தது. அந்தப் பதிப்பு, தான் சம்மதிக்காமலே தன் கணனியில் ஏற முயன்று அதை முடக்கிவிட்டது என்று கலிபோர்னியாவில் ஒரு பயண முகவர் வழக்காடி 10,000 டொலர் பெற்றார். 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் பட்டியலுக்குள் விளம்பரம் வந்தது. அடுத்த மாதம், திரையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம்பிடித்துச் சேமிக்கும் 'ரீகோல்' என்ற வசதியை அறிவித்தார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் போட்ட சத்தத்தில் அதைத் தள்ளிவைத்து, விரும்பினால் மட்டும் இயக்கலாம் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள்.

எல்லாம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கணனிக் கிருமி உலகத்து மருத்துவமனைகளைக்கூட முடக்கியபோது, அதற்கான மருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே புதுப்பிப்பாக வெளியாகியிருந்தது. ஏற்றிக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். மருந்து வேண்டும். மருந்துப் புட்டிக்குள் மிட்டாயையும் விளம்பரத்தையும் சேர்த்து அடைப்பதுதான் வழக்கு.

விண்டோஸ் 11 இன் வீட்டுப் பதிப்பை முதன்முறை திறக்கும்போது இணையத் தொடர்பும் நிறுவனத்தின் கணக்கும் கேட்கும். பசறைக்கு மேலே ஒரு லயத்தில், மகளின் உயர்தரப் படிப்புக்காகக் கடன்பட்டு மடிக்கணனி வாங்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, ரீலோட் போட்டு, தன் பொருளைத் திறக்கத் தானே அனுமதி வாங்கவேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல் அது ஒழிந்தது. இதையும் அதையும் சமமாக்குவது அநியாயம்தான். ஆனாலும் ஞாபகம் வராமல் இல்லை.

இணையம் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பில் செய்யப்பட்ட பொருள் இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் துண்டாடப்பட்டு, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. கோப்பை எங்கோ மேகத்தில் வைத்துவிட்டு, இங்கே அதன் நிழலை மட்டும் காட்டும் ஏற்பாடு அந்த நாட்களில் யாருக்கு உதவும்?

இன்னொன்று என் நெஞ்சை உறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் மைக்ரோசொப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. இசை கேட்கும் மென்பொருளை விண்டோஸோடு கட்டி விற்றதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2024 முதல் ஐரோப்பியர்கள் எட்ஜ் உலாவியை நீக்கிவிடவும் முடிகிறது. அங்கே சட்டம் கேட்டது, கிடைத்தது. அதே மென்பொருள், அதே வட்டு. பதுளையில் இருப்பவருக்கு அந்தப் பொத்தான் இல்லை.

பத்தாம் பதிப்புக்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி முடிந்தது. பதினோராம் பதிப்போ, சில்லுக்குள் பாதுகாப்புக் கூறு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணனிகளை நம்பியிருக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கு இது பேரிடி. நன்றாக ஓடும் இயந்திரத்துக்கு வயது போய்விட்டது என்று ஓய்வு கொடுக்கிறார்கள். இலவசமான லினக்ஸ் அப்படிப்பட்ட கணனிகளிலும் ஓடும், விளம்பரம் காட்டாது, தமிழும் தட்டலாம். ஆனால் அதைப் போட்டுக் கொடுத்து, பழுது வந்தால் வந்து பார்க்க ஆள் வேண்டும். பதுளையிலும் பண்டாரவளையிலும் கணனி படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை ஒரு பாடசாலைக்கு ஏறிப்போனால் போதும்.

அதுவரை பாமினியில் தட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் மென்பொருளில் தானியங்கித் திருத்தம் என்ற பகுதியைத் திறவுங்கள். வசனத்தின் முதல் எழுத்து, அட்டவணைக் கட்டத்தின் முதல் எழுத்து என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் உள்ள சரிக் குறியை எடுத்துவிடுங்கள். அஞ்சலை அஞ்சலையாகவே இருப்பாள்.