வெள்ளிக்காக ஒரு வழக்கு



மனிதன் அடுத்துப் போகும் கோள் எது என்றால், முன்வரிசைப் பிள்ளைகள்கூடச் செவ்வாய் என்று சொல்லும். நான் வெள்ளிக்காக வாதாட வந்திருக்கிறேன். கோள்களில் பூமிக்கு மிக அருகே வருவது அதுதான். நெருங்கும்போது சுமார் 4 கோடி கிலோமீட்டர். பருமனில் ஏறக்குறைய பூமி. ஈர்ப்பும் பத்துக்கு ஒன்பது பங்கு.

ஆனால் தரை? 460 டிகிரி செல்சியஸ் வெப்பம். ஈயம் உருகி ஓடும். அழுத்தமோ கடலுக்குள் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. சூரியனுக்குப் பக்கம் என்பது மட்டுமே காரணமென்றால், இன்னும் பக்கத்திலுள்ள புதன் அல்லவா அதிகம் கொதிக்க வேண்டும்? வெள்ளியின் காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமில வாயு. புகுந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. 1982 மார்ச்சில் அங்கே இறங்கிய சோவியத் கலம் வெனீரா 13, அரை மணி நேரம் உழைத்தால் போதும் என்று செய்யப்பட்டது. 127 நிமிடம் தாக்குப்பிடித்து, தட்டைப் பாறைகளையும் ஆரஞ்சு வானத்தையும் வண்ணப்படமாக அனுப்பியது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, தரையை விடுங்கள். 54 கிலோமீட்டர் மேலே வாருங்கள். அங்கே மதுரையின் ஒரு சாதாரணப் பகல் வெப்பம்தான். அழுத்தம் பூமியில் பாதி. வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல இது. 1985 ஜூனில் வேகா 1, வேகா 2 கலங்கள் ஆளுக்கொரு ஹீலியம் பலூனை அங்கே விட்டன. மூன்றரை மீட்டர் அகலம். கீழே நீண்ட கயிற்றில் தொங்கும் கருவிப்பெட்டி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு நாள், இரவுப் பக்கத்திலிருந்து பகல் பக்கம் நோக்கி 11,000 கிலோமீட்டர் மிதந்தது!

இன்னொன்றும் கேளுங்கள். நாம் மூச்சுவிடும் காற்று கரியமில வாயுவைவிட லேசானது. அதை நிரப்பிய கூடு அங்கே தானாகவே மிதக்கும். உள்ளே மனிதர் மூச்சும் விடலாம். இருவர் 30 நாள் தங்கும் மிதவைக் கப்பலை நாசா பொறியாளர்கள் வரைபடமாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தடைகளை மறைக்க மாட்டேன். மேகமெல்லாம் கந்தக அமிலம். திரும்புவது அதைவிடக் கடினம். பூமியளவு ஈர்ப்பை மீறும் ராக்கெட்டை, தொங்கும் மேடையிலிருந்து ஏவியாக வேண்டும். ஆகவே முதலில் ஆளில்லாப் பலூன்கள் மாதக்கணக்கில் மிதக்கட்டும் என்பதே என் வாதம்.

நம் அரசு 2024 செப்டம்பரில் வெள்ளிச் சுற்றுக்கலத்துக்கு ஒப்புதல் தந்தது. 1,236 கோடி ரூபாய், 2028 மார்ச்சில் ஏவத் திட்டம். மகிழ்ச்சி. அடுத்த இந்தியக் கலம் ஒரு பலூனையும் சுமந்து போக வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன். அமில மேகத்தில் அரித்துப்போகாத உறை அதற்கு வேண்டும். வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, அந்த வேலை உங்களுடையது.