"எத்தனை மாதம்?" – சுவாசப்பைப் புற்றுநோயும் எங்கள் வெண்குழியங்களும்
(முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியர் அல்ல. ஆஸ்பத்திரியில் எங்கட சனத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதே என் வேலை. சுவாசப்பைப் புற்றுநோய் எண்டு டொக்டர் சொன்னதும் குடும்பத்தவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாதம்?" என்பதுதான்.

கட்டியின் அளவு, அது நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்து, முதலாம் நிலையிலிருந்து நாலாம் நிலை வரை வகுத்தே இதற்குப் பதில் சொல்லி வந்தார்கள். இன்றும் அது முக்கியம். ஆனாலும் ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவர் கெதியாய்ப் போய்விடுகிறார், மற்றவர் பல வருடம் இருக்கிறார். ஏன்?

விடையின் ஒரு பகுதி கட்டிக்குள்ளேயே இருக்கிறது. கட்டி என்பது கெட்ட கலங்களின் குவியல் மட்டுமல்ல. இரத்தக் குழாய்கள், நார்கள், எங்கள் சொந்த வெண்குழியங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். நோயுற்ற கலத்தைக் கொல்லும் 'ரி' கலங்கள் சிலரின் கட்டிக்குள் நிறைந்திருக்கும். சிலரில் வேலிக்கு வெளியிலை நிக்கும், உள்ளுக்கை போகாது. சிலரில் மருந்துக்கும் இராது. ஆரம்ப நிலைச் சுவாசப்பைக் கட்டிகளில் வெண்குழியங்கள் கூடி, நிணநீர்க் கணு போலச் சிறு கூடுகள் அமைப்பதையும், அவை நிறைய உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்வதையும் 2008இல் பிரான்சில் கண்டறிந்தார்கள். ஆனால் எல்லா வெண்குழியமும் எங்கட பக்கம் நிற்பதில்லை. மற்றவற்றை அடக்கி வைப்பவையும், கட்டி வளர உதவுபவையும் உண்டு.

இனிச் சோதனைச் சாவடி. இதை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை! 'ரி' கலம் வரும்போது, புற்றுநோய்க் கலம் 'பிடி-எல்1' என்ற பாஸைக் காட்டும். 'ரி' கலத்தில் அதைப் பார்ப்பது 'பிடி-1'. பார்த்ததும் "நம்மடை ஆள்" எண்டு விட்டுவிடும். 'பிடி-1'ஐ 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு கண்டுபிடித்தது. 2018இல் அவருக்கும் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெம்புறோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பாஸ் செல்லாமற் செய்கின்றன. நோய் பரவிய, 'பிடி-எல்1' 50 வீதம் அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் செய்த ஆய்வொன்றில், முதலில் இம்மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் ஐந்து வருடத்தின் பின்னும் உயிரோடு இருந்தார்கள். முதலில் கீமோ பெற்றவர்களில் 16 பேர். மீதி 68 பேரையும் மறக்கக் கூடாது. வீதம் கூடினால் சுகம் நிச்சயம் எண்டில்லை, குறைந்தால் வழியில்லை எண்டுமில்லை.

ஆகவே "எத்தனை மாதம்?" எண்டு கேக்க முதல், "என்ரை 'பிடி-எல்1' எத்தனை வீதம்? மரபணுச் சோதனை செய்தாச்சா?" எண்டு கேளுங்கோ. 'ஈஜிஎஃப்ஆர்' என்ற மரபணு மாற்றம் புகையே பிடிக்காத ஆசியப் பெண்களிற் கூடுதலாகக் காணப்படும். அவர்களுக்குப் பெரும்பாலும் குளிசைதான் முதலில். கேட்கப் போகும்போது தயவுசெய்து பதினைந்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. "நாலாம் நிலை" என்பதை அந்தப் பிள்ளை தாய்க்கு எப்படிச் சொல்லும்?

இன்னுமொன்று. அவிழ்த்துவிட்ட 'ரி' கலங்கள் சிலவேளை எங்கட குடல், தைரொயிட், நல்ல சுவாசப்பை எண்டும் பாராமல் தாக்கும். மருந்து நிப்பாட்டி மாதங்கள் கழிந்தும் இது வரலாம். வயிற்றாலை போனால், இருமலோ இளைப்போ கூடினால், "டொக்டரை ஏன் கரைச்சல்படுத்துவான்" எண்டு இருக்காதையுங்கோ. கொத்தமல்லி குடிச்சுப் பாத்துக்கொண்டும் இருக்காதையுங்கோ. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அறிவிக்க வேணும். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு சிறு அட்டை தருவார்கள். அதைப் பேர்சுக்குள்ளை வைச்சிருந்து, எந்த டொக்டரிட்டைப் போனாலும் முதலில் காட்டுங்கோ.

கேள்வி இருந்தால் தேத்தண்ணி நேரத்திலை கேளுங்கோ. பின்வரிசையிலை இருப்பன்.