போரிபந்தர்ப் பெரிய தபாலாபீஸ்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியின் மூத்தவர்களிடம் "பெரிய தபாலாபீசைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "மணியார்டர் அனுப்பாத மாதம் உண்டா, நன்றாகக் கேட்டீர்!" என்பார்கள். அவர்கள் பார்த்தது மணியார்டர் ஜன்னலை. சம்பளப் பணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவன் தலைக்கு மேலிருக்கும் குவிமாடத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அது குற்றமுமன்று.

ஏழு தீவுகளை இணைத்து, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நகரம் இது. ஆங்கிலேயர் கட்டிய கோட்டையின் மதில்களை 1860களில் இடித்தார்கள். அக்கோட்டைக்கு வடபுறம் இருந்த படகுத்துறையே போரிபந்தர். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். தூரம் 21 மைல். பின்னர் அவ்விடத்தில் ஸ்டீவன்ஸ் என்பவர் 1878இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளில் நிலையத்தைக் கட்டி முடித்தார். விக்டோரியா பெயர் 1996இல் மாறி, சத்ரபதி சிவாஜியின் பெயர் வந்தது. 2004இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எதிரே நிற்கும் மாநகராட்சி மாளிகையும் அதே ஸ்டீவன்ஸின் கைவண்ணமே, 1893இல் நிறைவுற்றது. இரண்டிலும் ஐரோப்பியக் கோபுரங்களின் சாயல் மிகுதி.

இவற்றுக்கு அருகில் எழுந்த தபாலாபீஸ் வேறு வழியில் சென்றது. ஜான் பெக் என்னும் சிற்பி வரைந்த திட்டத்தின்படி 1904இல் வேலை தொடங்கி 1913இல் முடிந்தது. அவர் மாதிரி தேடியது லண்டனில் அன்று, பீஜப்பூரில். முகம்மது அடில்ஷாவின் சமாதியான கோல்கும்பஸே இக்குவிமாடத்துக்கு முன்னோடி. கருங்கல் சுவர், இடையிடையே குர்லாவின் மஞ்சள் கல்லும் திராங்கத்ராவின் வெள்ளைக் கல்லும். குவிமாடத்தின் குறுக்களவு 65 அடி. ரயில்வேயின் உப்பைத் தின்பவன் நான். ஆயினும் இவ்விரண்டில் எது அழகு என்று கேட்டால் தபாலாபீஸ் என்றே சொல்வேன். நிலையத்தில் கண் தங்க இடமில்லாதபடி அலங்காரம். இங்கே கல் சற்றே மௌனமாக இருக்கிறது. தக்காணத்து சுல்தானின் கூரையை எடுத்து வந்து, ஏழைகளின் நாலணாத் தபால்தலைக்குக் குடை பிடிக்க வைத்ததும் ஒரு வேடிக்கைதான்!

நமக்கும் அக்கூரைக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். தபாலிலாகா 1880இல் மணியார்டரை ஏற்று நடத்தத் தொடங்கியது. அதன் பிறகு நம்மவர் எத்தனை பேர் அதனை நம்பி இந்நகரில் காலூன்றினர்! திருநெல்வேலிச் சீமையில் ஓடு வேய்ந்த வீடும், தங்கைக்குப் போட்ட தாலியும், தம்பியின் பரீட்சைக் கட்டணமும் அந்த ஜன்னல்கள் வழியே சென்றவையே. எழுத்தறியாதவர்களுக்காக எதிர்ப்புறத்தில் கடிதம் எழுதித் தருவோர் அமர்ந்திருந்தனர். பார்சலைத் துணியில் தைத்து அரக்கு வைத்துக் கொடுப்பதும் அவர்களே. முன்பின் அறியாத ஒருவரிடம் குடும்ப ரகசியத்தைச் சொல்லி எழுத வைக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

இன்று தந்தி இல்லை. அது 2013 ஜூலையில் நின்றது. பணமோ கைப்பேசியில் நொடியில் போகிறது. நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவ்வாசலை மிதிக்க வேலையே இல்லாமற் போயிற்று. தந்தை எங்கே நின்று தங்களை ஆளாக்கினார் என்பதை அவர்கள் அறியாமலே வளர்கிறார்கள்.

ஆகையால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பள்ளி விடுமுறையில், தபாலாபீஸ் திறந்திருக்கும் நாளொன்றில், பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். நிலையத்தின் செதுக்கு மயில்களையும் குரங்குகளையும் கண்டபின் குவிமாடத்துக் கூடத்தில் நுழைவோம். அருகே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைப் பக்கம் 1769இல் கட்டிய ஜார்ஜ் கோட்டையின் மிச்சச் சுவர் இருக்கிறது, அதனையும் காட்டலாம். ஆனால் கூடத்தில் விளக்கம் சொல்ல வேண்டியவன் நானல்லன். முதல் மணியார்டரை அங்கே கட்டிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எவ்வளவு அனுப்பினார், யாருக்கு அனுப்பினார், மீதியை வைத்து அம்மாதம் எப்படிக் கழித்தார் என்பதை அவர்களே சொல்லட்டும். வர இசைபவர்கள் விழா முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.