டியூட்டர் கூப்பிட்டால் எடுங்கள்
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெற்றோர்களே, கோவளத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் ஆலோசகராக ஓர் ஆசிரியர் இருப்பார். டியூட்டர் என்பார்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தேர்வுக்கே சிக்கல். அதை வீட்டுக்கு முதலில் சொல்பவர் அவர்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

சென்ற வருடம் ஒரு பேராசிரியை மூன்று நாள் கூப்பிட்டும் நம் ஜமாஅத் தகப்பனார் ஒருவர் எடுக்கவில்லை. தெரியாத எண்ணாம்! நோயாளித் தாயாரைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். முன்பே சொல்லியிருந்தால் ஏதாவது வழி பார்த்திருக்கலாம். ஒரு செமஸ்டர் போயிற்று.

அந்தப் பேராசிரியையைப் போய்ப் பார்த்தேன். வீட்டு வேலை முடித்து, மாமனாருக்கு மாத்திரை கொடுத்த பிறகு, இரவு ஒன்பது மணிக்குத்தான் பெற்றோர்களைக் கூப்பிடுகிறாராம். "என் மகன் பாடத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த வருட விண்ணப்பத்தில் டியூட்டரின் போன் நம்பருக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறோம். நிரப்பிக் கொடுங்கள், உங்கள் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.