பிளாமர்ஸ்பெல்டு என்னும் ஜெர்மானிய கிராமம்
(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நமது ஐக்கிய நாணய சங்கத்தின் வித்து எந்த மண்ணில் முளைத்தது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். ஜெர்மனி தேசத்தின் மேற்கே, வெஸ்டர்வால்டு என்னும் மேட்டு நிலத்தில், ஆல்டன்கிர்ஹென் ஜில்லாவைச் சேர்ந்த பிளாமர்ஸ்பெல்டு என்ற சிறு கிராமம் இருக்கிறது. அதற்குத் தனியே கிராம சபை உண்டு. சபைத் தலைவர் சம்பளமின்றி ஊழியம் செய்பவர். பெரிய காரியங்களை அண்டைக் கிராமங்களோடு கூடி ஒரே காரியாலயத்தின் மூலம் நடத்திக்கொள்கிறார்கள்.

1848-ம் வருஷத்தில் இவ்வட்டாரத்திற்கு மேயராக வந்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைஸன். அப்பொழுது அவருக்கு வயது 30. முன்பு வையர்புஷ் என்னும் ஊரில் மேயராயிருந்தபோது, 1846-47 பஞ்சத்தில் ஒரு ரொட்டிச் சங்கம் ஏற்படுத்தி ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி கொடுத்தவர். பிளாமர்ஸ்பெல்டில் அவர் கண்ட துயரம் வேறு. கையில் பணமில்லாத குடியானவர் வியாபாரியிடம் கடனுக்கு மாடு பிடிப்பர். வட்டி ஏறி, முடிவில் மாடும் போகும், நிலமும் போகும்.

1849-ல் அவர் வசதியுள்ளோர் 60 பேரைச் சேர்த்து உதவிச் சங்கம் ஒன்று கண்டார். அவர்கள் தங்கள் சொத்து முழுவதையும் கூட்டு ஜாமீனாக்கியதால் சங்கத்துக்குப் பணம் கிடைத்தது. சங்கம் மாடு வாங்கிக் கொடுத்தது. குடியானவர் விலையைத் தவணைகளாகச் செலுத்தினர்.

ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. பொறுப்பு ஒருவருடையது, பயன் மற்றொருவருடையது. தர்மசிந்தை தளர்ந்தால் சங்கமும் தளர்ந்துவிடும். 1852-ல் ஹெட்டஸ்டோர்புக்கு மாறிய ரைபைஸன், அங்கே இதனை அநுபவத்தில் உணர்ந்தார். ஆகவே 1864-ல் அவ்வூரில் ஏற்பட்ட கடன் சங்கத்தில், கடன் பெறுகிறவனே அங்கத்தினனாகவும் ஜாமீன்தாரனாகவும் இருக்க வேண்டுமென்று விதித்தார். அண்டை அயலார் ஒருவரையொருவர் அறிந்திருத்தலே அச்சங்கத்தின் மூலதனம்.

சென்னை அரசாங்கத்தார் 1892-ல் நியமித்த பிரெடரிக் நிக்கல்ஸன் துரை, இம்முறையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கைகள் சமர்ப்பித்தார். 1904-ல் இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது.

சங்கப் பணம் சர்க்கார் பணம் என்றெண்ணித் தவணை கடத்துவோர் நம்மிடையே உண்டு. நண்பர்களே, அது பக்கத்து வீட்டாரின் பணம். ஒருவர் செலுத்தாத தவணை, மற்றொருவருக்கு விதைப்புக் காலத்தில் கிடைக்காத கடன். மகாசபைக்குத் தவறாமல் வாருங்கள், கணக்கைக் கேளுங்கள், கடன் வாங்கிய காரியத்துக்கே அதைச் செலவிடுங்கள், தவணை நாளில் செலுத்துங்கள். ரைபைஸன் குடியிருந்த வீட்டைப் பிளாமர்ஸ்பெல்டில் காட்சிசாலையாகப் போற்றி வைத்திருக்கிறார்கள். நாம் அவரைப் போற்றும் இடம் நமது சங்கத்தின் வசூல் புஸ்தகமே.